எர்த் கம்பி

எர்த் கம்பி மறுபடியும் ஒரு சாண் குறைந்திருந்தது.

ரேடியோவின் முதுகிலிருந்து கிளம்பி, சுவரோரமாகப் போய், பின்பக்கம் குளியலறைச் சாக்கடையோரம் மண்ணுக்குள் இறங்கும் செம்புக் கம்பி அது. மிச்சத்தைத் தம்புசாமிதான் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். இப்போது ஆணியில் சுருளே இல்லை. கோழி இழுத்திருக்கும் என்று நினைத்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் உயிரோடு ஒரு கோழியைப் பார்த்து வருடம் ஒன்றாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ரேடியோ இருந்தது காலி அரிசிப் பெட்டிக்குள். வெளிநாட்டுச் செய்தி கேட்பது ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் தலை போய்விடும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பழனியப்பனோ ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பித்தாய்க்கு ஆள் காட்டிக் கொடுத்தே வயிறு வளர்ப்பவன். குரலை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அதற்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழுந்து பலகையை அதிர வைத்தது. பிளக்கைத் திருப்பிப் போட்டார். கரண்டு வயரைத் தள்ளி வைத்தார். பெட்டிக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. தந்தி ஆபீஸ் கிளார்க் அல்லவா, கடைசியில் எர்த் போடுவது என்று முடிவு செய்தார். குழி தோண்டி, கிடைக்காத உப்பைத் தேடிப் பிடித்துக் கரியோடு போட்டுக் கம்பியைப் புதைத்தார். மண் காயாமல் தினமும் தண்ணீர் ஊற்றும்படி மனைவி தனலெட்சுமியிடம் சொல்லி வைத்தார். உறுமல் பாதியானது. நாளுக்கு நாள் இன்னும் அடங்கியது.

சத்தம் என்றாலே அவருக்குக் குமட்டும். யாராவது மூக்கை உறிஞ்சினால் எழுந்து போய்விடுவார். எல்லாவற்றையும்விட அருவருப்பு, மகன் லிங்கம் சாப்பிடும் சத்தம். வாயைத் திறந்தபடி மூன்று மெல்லல், ஒரு 'சப்'. மூன்று மெல்லல், ஒரு 'சப்'. "வாய மூடித் தின்னுடா!" என்று இருபது வருடம் கத்தியிருப்பார். போன வருடம் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்குக் கட்டாயக் கூலிகளாக ஆள் பிடித்தார்கள். என் ஆபீஸில் வேலை செய்கிறான் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் பையனை விட்டிருப்பார்கள். அன்று காலையிலும் அவன் எதிரே உட்கார்ந்து அதே சத்தத்தோடு மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். அவர் எழுதவில்லை.

இப்போது சண்டை முடிந்தது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். லிங்கம் திரும்பிவிடுவான். எழுதாத அந்தச் சீட்டை மறந்துவிடலாம்.

பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"கம்பிய யாரு இழுத்தா?"

"நான் தொடலங்க. இந்த மண்ணுதான் ரொம்பக் குடிக்குது. கஞ்சி ஊத்துனா ஒரு சொட்டு நிக்க மாட்டேங்குது."

"கஞ்சியா? தண்ணிதானே ஊத்தச் சொன்னேன்?"

தனலெட்சுமி கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பி இறங்கும் இடத்தில் மண் இரண்டு பக்கமும் தடித்து, சிவந்து, ஈறு மாதிரி பளபளத்தது. சாக்கடை நாற்றம் இல்லை. நாள் கணக்கில் விளக்காத வாயின் நாற்றம். விரலை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்தபோது கொழகொழவென்று நூலாக நீண்டு வந்தது. சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவியும் விரலில் அந்த வாடை போகவில்லை.

பொழுது சாயும் நேரம் செய்திக்காக ரேடியோவைத் திருப்பினார். உறுமல் இல்லை. துளிகூட இல்லை. இரண்டு வருடத்தில் இப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டது. இத்தனை நாள் உறுமலுக்கு அடியில் இருந்தது.

ஈரமான சத்தம். எச்சில் சத்தம்.

மூன்று மெல்லல். ஒரு 'சப்'.

பிளக்கைப் பிடுங்கினார்.

மூன்று மெல்லல். ஒரு 'சப்'.

கம்பி விறைத்து நின்றது. அரிசிப் பெட்டி சுவரை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. சத்தம் கூடியது. பலகைக்கு அந்தப் பக்கம் பழனியப்பன் இருமினான். நாற்காலியை நகர்த்தினான். கேட்டுவிட்டது.

தம்புசாமி பின்பக்கம் ஓடினார்.

தனலெட்சுமி சாக்கடையோரம் குந்தியிருந்தாள். பக்கத்தில் தட்டு, அதில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. வலது கை முழங்கை வரை மண்ணுக்குள் இருந்தது.

"அவன் கேட்டுட்டான் புள்ள! சத்தம் வெளிய போகுது!"

அவள் நிமிரவில்லை. மண்ணைப் பார்த்துத்தான் பேசினாள், பிள்ளைக்கு ஊட்டுகிற குரலில்.

"வாய மூடித் தின்னுய்யா. அப்பாவுக்குப் புடிக்காது."

சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் ஒரு முணுமுணுப்பும் இல்லை. தனலெட்சுமி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை. அது தோள் வரை இறங்கியிருந்தது. தோள் மெல்ல மூன்று தடவை குலுங்கியது. பிறகு ஓர் இழுப்பு. மறுபடி மூன்று தடவை.