கனமான டப்பா

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், பதினோரு தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா ஜோரியின் பக்கத்தில் பத்து வயது கெசையா. அவள் மடியில் அப்பாவின் சாப்பாட்டு டப்பா. சாப்பிட்டு முடித்த டப்பா ஏன் இப்படிக் கனக்கிறது? திறக்கப் போனாள். அப்பா மூடிமேல் கையை வைத்துவிட்டார்.

தொழிலாளிகளுக்கென்று அந்த ஊரில் முதன்முதலாக வகுப்பு தொடங்கியவர் ஹாஸ்கிங். போன வாரம் அவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"நல்ல வார்ப்படம் வேண்டாம். கெட்டுப்போனதைக் கொண்டுவாங்க. அதை வெச்சுத்தான் பாடம்."

இன்று ஹாஸ்கிங்கின் முன்னால் மேசை காலியாகவே கிடந்தது. கெட்டுப்போன வார்ப்படத்தைப் பட்டறை மண்ணுக்குள் புதைத்துவிடுவது அவர்கள் வழக்கம். மேனேஜர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். அப்பா இந்த மாதம் இரண்டு பல்சக்கரங்களைப் புதைத்திருந்தார். அவை ஏன் உடைகின்றன என்றே அவருக்குத் தெரியவில்லை.

"இந்தாளு மேனேஜரோட ஒற்றன்," என்று பின்னாலிருந்து கிழட்டு டிக் முணுமுணுத்தார். "நேத்து அவரு வீட்டுல டீ குடிச்சதை நானே பாத்தேன்."

கெசையா எழுந்தாள். "சார், மேனேஜர் வீட்டுல டீ குடிச்சீங்களா?"

அப்பா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"குடிச்சேன் பாப்பா. இந்தக் கொட்டகையைக் கேக்கப் போனேன்."

"கேக்கு குடுத்தாங்களா?"

"இல்ல. கொட்டகை மட்டும்தான்."

யாரோ சிரித்தார்கள். டிக் சிரிக்கவில்லை.

"நீங்களும் பட்டறையில வேலை பாத்தவர்தானே? அப்போ முதல்ல நீங்க கெடுத்ததைக் காட்டுங்க சார்," என்றாள் கெசையா.

ஹாஸ்கிங்கின் காது சிவந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஓர் இரும்பு அடுப்புக் கதவை எடுத்து மேசையில் வைத்தார். அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

"முப்பது வருஷமா ஒளிச்சு வெச்சிருந்தேன்."

டிக் எழுந்து வந்தார். ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "அச்சு மண்ணு ஈரம்யா. ஆவி கெளம்பி ஓட்டை போட்டுருச்சு. இது தெரியாதா?"

"அப்போ தெரியல. சொல்லிக்குடுக்க ஆளில்ல."

கெசையா டப்பாவை அப்பாவின் மடிக்கு நகர்த்தினாள். அப்பா ஒருமுறை வாசலைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். உள்ளே, ரொட்டித் துணியில் சுற்றிய பல்சக்கரம். மூன்று பற்களைக் காணோம்.

அதைக் கொண்டுபோய் அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், என் மண்ணு காஞ்சுதான் இருந்துச்சு. அப்போ நான் எங்க தப்புப் பண்ணினேன்?"