பால் பூத்த அம்பு

மாரிசெல்வி மேசைமேல் வைத்த பொட்டலம் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. கொண்டுவந்தவள் அவள்தான், ஆனாலும் அதை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்றாள். சுயம்புவுக்கு அது விசித்திரமாகப் பட்டது.

"கிளப்புல திருப்பிக் குடுத்தாங்கக்கா. ரத்தம் இருக்கும்னு நெனைச்சு நான் தொறக்கவே இல்ல."

கோமதியம்மாள் பொட்டலத்தைத் தொடாமல் முதலில் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கோடவுன்களையும் நொறுங்கிய லாரிகளையும் பார்வையிட்டு, சேதத்துக்குக் காரணம் என்னவென்று சொல்லிவந்தவர் அவர். அந்த வேலையை விட்ட பிறகும் மும்பை மாதுங்காவில் உள்ள அவருடைய வீட்டுக்கு ஆட்கள் தேடி வந்தார்கள். சுயம்பு அவருக்கு டாக்சி ஓட்டுபவன். விசாரணை என்றால் மீட்டரைப் போட மறந்துவிடுவான். மாரிசெல்வி தாராவியில் அவன் இருக்கும் சந்துக்காரி. அவளை அழைத்து வந்ததும் அவன்தான்.

அவளுடைய கார்கானாவில், அந்தச் சிறு பட்டறையில், முன்பு சப்பாத்திக் கட்டை கடைந்தார்கள். இப்போது மர அம்புகள். கார்பன் அம்பு வேண்டாம், பழைய முறையில் மரத்தாலேயே எய்வோம் என்கிறவர்கள் பல ஊர்களிலிருந்தும் அவளிடம் வாங்கினார்கள். போன வாரம் செம்பூர் கிளப்பில் ஷாலினி என்ற பெண் நாணை விட்டதும், அம்பு வில்லைத் தாண்டுமுன்பே முறிந்தது. அதன் பின்பாதி அவள் இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாய்ந்துவிட்டது. மாநில அணித் தேர்வு அவளுக்குக் கைநழுவிப் போனது. அவள் கணவர் முத்துசெல்வம் வில்வித்தைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் கார்கானாவின் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். கொடுத்த சரக்கெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சரக்கு வந்தா வந்துட்டுப் போகுதுக்கா. அந்தப் பிள்ள கையி... எங் கண்ணு எங்கயாவது தப்பிருச்சோன்னு இருக்கு. அதத்தான் தெரிஞ்சுக்கிடணும். என் தப்புன்னா ஒத்துக்கிடுதேன்."

"ஒரு தண்டை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் கோமதியம்மாள்.

வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மாரிசெல்வியின் குரல் நிதானத்துக்கு வந்தது.

"பைன் கட்டைய அறுக்க மாட்டோம், பிளப்போம். பிளந்து உருட்டா இழைச்சாத்தான் நாரு எந்தப் போக்குல ஓடுதுன்னு தெரியும். ஒரு முனையிலேருந்து மறு முனைக்கு நேரா ஓடணும். நடுவுல சாய்ஞ்சு வெளிய போச்சுன்னா அந்த எடத்துல முறியும். அப்படிப்பட்டதுக்கு ஒரு முனையில செவப்பு பெயிண்டு வச்சு, வாசல் டிரம்முல போட்டுருவோம். செடிக்கு ஊணுறதுக்கு யாரு வேணும்னாலும் எடுத்துட்டுப் போவாங்க. தேறுனத எடை பாத்துப் பிரிப்போம். பெறகு ரெண்டு முனையவும் தாங்கலா வச்சு நடுவுல எடைக்கல்லத் தொங்கவிடுவோம். ஒண்ணுபோல வளையுறதெல்லாம் ஒரு செட்டு."

"நாண் உட்காருற காடி?"

"நாருக்குக் குறுக்கதான் வெட்டணும். நாரு போற போக்குலயே வெட்டுனா, நாண் அடிக்குற அடியில பிளந்துரும். வில்லு பிடிக்குற எல்லாருக்கும் இது தெரியும்."

"பாலிஷ்?"

"மழைக்கு முன்னயே முடிச்சிருவோம். மழை விழுந்துட்டா லேக்கர் டப்பாவத் தொறக்க மாட்டோம். ஈரக் காத்துல பூசுனா கண்ணாடி மாதிரி நிக்காது, வெள்ளையாப் பால் பூத்துரும். ஷாலினி செட்டு ஏப்ரல்லயே குடுத்தாச்சு. பன்னெண்டு அம்பு, நம்பர் போட்டு."

கோமதியம்மாள் பொட்டலத்தைப் பிரித்தார். அம்பு நடுவில் சாய்வாக, சீவிய மூங்கில் போல முறிந்திருந்தது. பின்முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை வர்ணம். அதன்மேல் வெள்ளையில் ஏழு. மாரிசெல்வி ஒரு கணம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க பச்சதான்," என்றாள்.

வர்ணம் இல்லாத இடத்தைக் கோமதியம்மாள் ஈரத்துணியால் துடைத்தார். மரத்தின்மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று இருந்தது. எத்தனை துடைத்தும் அது போகவில்லை. பிறகு காடிக்குப் பக்கத்தில் பச்சையைப் பிளேடால் கொஞ்சம் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுயம்புவும் வாங்கிப் பார்த்தான். கோடுகள் தெரிந்தன, அவ்வளவுதான்.

செம்பூர் கிளப்பில் பயிற்சியாளர் சிராஜ் மற்ற பதினொரு அம்புகளையும் எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றும் தேன் பூசியதுபோல் தெளிவாக மின்னியது.

"அம்பெல்லாம் ராத்திரி இங்கேயே இருக்குமா?" என்று கேட்டார் கோமதியம்மாள்.

"இல்ல மேடம், அவங்கவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடுவாங்க. விபத்துக்கு அப்புறம்தான் இதையெல்லாம் நான் எடுத்து வச்சேன்."

"அம்பு உடையறது இங்க அபூர்வமா?"

"அச்சா, அதெல்லாம் சாதாரணம். வாரம் ஒண்ணாவது உடையும். சொல்லிட்டு அந்தக் கூடையில போட்டுடுவாங்க. யாரும் கோவிச்சுக்கறதில்ல. கையில பாயறதுதான் அபூர்வம்."

அவருக்குப் பின்னால் அலமாரியில் விற்பனைக்கான கார்பன் அம்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வண்டியில் ஏறியதும் சுயம்பு அதைத்தான் முதலில் சொன்னான்.

"பாத்தியளாக்கா? மர அம்புக்குக் கெட்ட பேரு வந்தா யாரு யாவாரம் நடக்கும்?"

"ஒரு அம்பு உடையணும்னு நீங்க நெனைச்சா என்ன செய்வீங்க, சுயம்பு?"

"பிளேடால லேசா ஒரு கீறல் போட்டா போதாதா?"

"போதும்," என்றார் கோமதியம்மாள். "திலக் நகருக்குப் போங்க, ஷாலினி வீட்டுக்கு."

ஷாலினி கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐரோலியில் ஐ.டி. வேலை, இப்போது விடுப்பு. ஏ.சி.யிலிருந்து சுவரோடு வழிந்த நீர் கீழே ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி போற ட்யூப் அடைச்சிருக்கு," என்றாள், சுயம்பு வாளியைப் பார்ப்பதைக் கண்டு. "ஹார்ட்வேர் கடைக்காரர் வீட்லயே இப்படி. மெக்கானிக் நாளைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு மழை தொடங்குனதுலேருந்து என் வீட்டுக்காரர் சொல்லிட்டே இருக்கார்."

விபத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் பேச்சு மெதுவானது.

"எய்யறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அம்பையும் லேசா வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேட்கணும். விரிசல் இருந்தா சத்தம் குடுக்கும். அன்னிக்கு ஏழாம் நம்பரை வளைச்சேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே வரல. அந்த அம்பு ஜூன் கடைசிலேருந்தே இடப்பக்கமாப் போயிட்டிருந்தது. அப்பவே கவனிச்சிருக்கணும். என் கை சரியில்லன்னு விட்டுட்டேன்."

முத்துசெல்வம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் உட்காரவில்லை.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? செடிக்கு ஊணுற கம்புக்குப் பெயிண்டு அடிச்சு அம்புன்னு வித்திருக்கா. எம் பொண்டாட்டி கை போச்சு."

கோமதியம்மாள் பால்கனியைப் பார்க்க அனுமதி கேட்டார். அங்கே நான்கு தொட்டிகளில் மிளகாய்ச் செடிகள். மூன்று செடிகள், உச்சியில் சிவப்பு வைத்த உருண்டைக் கம்புகளில் கட்டப்பட்டு நிமிர்ந்து நின்றன. நான்காவது செடியை ஜன்னல் கம்பியோடு சணலால் கட்டியிருந்தார்கள்.

"மாரிசெல்வி அக்கா வாசல்லேருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன்," என்று உள்ளிருந்து சொன்னாள் ஷாலினி.

தொட்டிகளுக்கு மேலே ஏ.சி. ட்யூபின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது உலர்ந்திருந்தது.

மறுநாள் மாலை கோமதியம்மாள் கேட்டுக்கொண்டபடி மாரிசெல்வியும் சிராஜும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சுயம்பு, சிராஜுக்கு நேர் எதிரே இடம்பிடித்து உட்கார்ந்தான். கோமதியம்மாள் முறிந்த அம்பையும், தெளிவாக மின்னிய இன்னொரு அம்பையும் டீப்பாய்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மாரிசெல்வி, இப்போ நல்லாப் பாருங்க. பச்சையை விடுங்க. மரத்தைப் பாருங்க."

மாரிசெல்வி குனிந்தாள். அம்பின்மேல் விரலை ஓட்டினாள்.

"இது பால் பூத்திருக்கு," என்றாள். பிறகு காடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். "காடிய நாரு போக்குலயே வெட்டியிருக்கு. யக்கா, இது நான் செஞ்ச அம்பு இல்ல."

"இல்ல. ஏப்ரல்ல குடுத்த அம்புல மழைக்கால லேக்கர் இருக்க முடியாது. யாரோ உங்க ஏழாம் நம்பரை எடுத்துட்டு, மழை தொடங்குன பிறகு செஞ்ச ஒரு போலியை வச்சிருக்காங்க. ஷாலினிக்கு அது இடப்பக்கம் போனதும் அப்போதிலேருந்துதான்."

"அப்ப வேணும்னே கெடுத்திருக்காங்க," என்றான் சுயம்பு, சிராஜைப் பார்த்தபடி.

"நேத்து நீங்களே பதில் சொன்னீங்க. கெடுக்கறதுக்கு ஒரு கீறல் போதும். ஒரு முழு அம்பைச் செஞ்சு, இறகு ஒட்டி, பச்சை அடிச்சு, நம்பர் எழுதணும்னு அவசியம் இல்ல. அவ்வளவு சிரமம் எடுத்தவர் இது உடையணும்னு நினைக்கல. நல்ல அம்பு இல்லாமப் போனது தெரியக் கூடாதுன்னு நினைச்சார். கிளப்புல அம்பு உடைஞ்சா சொல்லிட்டுக் கூடையில போடுவாங்க, மறைக்கத் தேவையில்ல. அதோட, காடியை எப்படி வெட்டணும்னு அங்கே எல்லாருக்கும் தெரியும். வெட்டினவர் வில்லையே தொடாதவர். அம்பு கிளப்பை விட்டா இந்த வீட்டுக்குத்தான் வருது."

முத்துசெல்வம் எழுந்தார். "என்ன சொல்லுதிய? என் வீட்டுல வந்து..."

"இந்தத் தண்டுல நார் சாய்வா ஓடுது. கார்கானாவுல கழிச்சுப்போட்ட தண்டு. அதுமாதிரி மூணு இந்தப் பால்கனியில நிக்குது. நாலாவது செடிக்குக் கம்பு இல்ல. சிவப்பு முனையை வெட்டி எறிஞ்சுட்டா அடையாளம் போயிடும். இறகும் பசையும் பித்தளை முனையும் ஷாலினியோட பெட்டியில உதிரியா இருக்கும். லேக்கரும் பச்சைப் பெயிண்டும் உங்க கடையில இருக்கும். நேத்து நீங்க அதைச் செடிக்கு ஊணுற கம்புன்னு சொன்னீங்க. கோவத்துல யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான், அதை மட்டும் வச்சு நான் எதையும் முடிவு பண்ணல. மழை தொடங்குனதுலேருந்து மெக்கானிக்கை வரவிடாம வச்சிருக்கீங்க, அப்போ உண்மையான ஏழாம் நம்பர் அந்த ட்யூப்லதான் இருக்கணும். சுயம்பு, வண்டியிலேருந்து ஒரு கம்பியை எடுத்துக்கிட்டு பால்கனிக்கு வாங்க."

பால்கனியில் சுயம்பு ட்யூபின் வாய்க்குள் கொக்கி வளைத்த கம்பியை விட்டான். ஒரு தடவை வழுக்கியது. மறுதடவை மாட்டிக்கொண்டது. அவன் சுவரில் காலை ஊன்றி இழுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக அவன் சட்டைமேல் கொட்டியது. கூடவே பித்தளை முனையோடு ஒரு முழ நீள மரத்துண்டும் வந்து விழுந்தது. ஊறியிருந்தாலும் நார் அதில் ஊசிபோல் நேராக ஓடியது.

அதைப் பார்த்த மாரிசெல்வி, "இது நான் செஞ்ச அம்பு," என்றாள்.

முத்துசெல்வம் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்றுமுன் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, தோள்கள் இறங்கியிருந்தன.

"ட்யூப் அடைச்சிருந்துச்சு. கையில வேற எதுவும் அகப்படல. இது நேரா, நீளமா இருந்துச்சு, விட்டுக் குத்துனேன். உள்ளயே ஒடைஞ்சுபோச்சு. என் அம்பத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கா. மழை நின்னதும் புதுசு ஒண்ணு வாங்கி வச்சிரலாம்னு நெனைச்சேன். எல்லாம் கம்புதானேன்னு நெனைச்சேன். மெக்கானிக்கக் கூப்பிட்டா துண்டு வெளிய வந்துரும், அதான் கூப்பிடல. கையில பாய்ஞ்ச பெறகு சொல்ல வாய் வரல. பயந்துட்டேன்."

ஷாலினி அவரைப் பார்க்காமல் கோமதியம்மாளிடம் கேட்டாள். "நான் வளைச்சுப் பார்த்திருந்தா?"

"சத்தம் வந்திருக்காது. இதுல விரிசல் இல்ல. நாரே சாய்வு. நீங்க வளைச்சிருந்தாலும் இதை எய்திருப்பீங்க."

அவள் தலையணைமேல் இருந்த கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். பிறகு கணவரிடம் சொன்னாள்:

"தினம் உங்ககிட்டதானே கேட்டேன், வளைச்சேனா இல்லையான்னு. தலையத் தடவிக் குடுத்தீங்க."

சுயம்பு ஈரச் சட்டையோடு வாசல் பக்கம் நகர்ந்து நின்றான். ஆளைக் கண்டுபிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இதுவரை அவனுக்கு நினைப்பு. இப்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

முத்துசெல்வம் கைப்பேசியை எடுத்து, குழுவுக்கு அனுப்பக் குரல்செய்தி பேசத் தொடங்கினார். "அந்த அம்பு விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"அழிங்க," என்றாள் ஷாலினி. "யார் செஞ்சதுன்னு சொல்லுங்க."

அவர் அழித்தார். மறுபடி ஆரம்பித்தார். "நான் முத்துசெல்வம் பேசுதேன். ஷாலினி கையில பாய்ஞ்ச அம்ப நான்தான் செஞ்சு வச்சேன். மாரிசெல்வி கார்கானா செஞ்சது இல்ல. அவங்க மேல நான் பொய் சொன்னேன்."

செய்தி போனதும் மாரிசெல்வி எழுந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஷாலினியின் அருகே போய் நின்றாள்.

"கையி ஆறட்டும். பெறகு கார்கானாவுக்கு வா, உன் இழுப்புக்குத் தக்கன தண்டு எடுப்போம். உங்க வீட்டுக்காரரு கொண்டாந்து விட்டாருன்னா..."

"வரேன்க்கா," என்றாள் ஷாலினி. "நான் மட்டும் வரேன்."