ஆதரவுத் தேர்வு

காலை ஆறு மணிக்கு அந்த அடுக்ககத்துக்குப் பால் வண்டி வரும். கூடவே மொட்டைமாடியில் அடி விழும் சத்தமும் ஆரம்பிக்கும். கல்லூரிப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த இரண்டும் இல்லாமல் ஈரோட்டில் பொழுது விடிவதில்லை. நான்காம் மாடி வஞ்சிக்கொடி கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பாள். மூன்றாம் மாடி செங்கோடன் அவள் வயிற்றில் ஐம்பது குத்து விடுவார். பிறகு அவர் நிற்பார், இவள் குத்துவாள். முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் கம்மங்கூழ் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள்.

"நாப்பதுக்கு மேல மூச்ச விட்டுட்டீங்க அம்மிணி," என்பார் அவர்.

"உங்களுக்கு எடது விலா இன்னும் சேரலீங்கண்ணா. கையத் தூக்குங்க, இறுக்கிக் கட்டோணும்," என்று இவளே துணி சுற்றிவிடுவாள்.

நான்கு வருடமாக நடக்கிற கூத்து இது. எதற்கு? பிள்ளைகளின் வேலைக்குத்தான். மனிதரைப் போலவே யோசிக்கும் சிந்தைப்பொறிகள் வந்தபின் தேர்வு எழுதியது பொறி, திருத்தியது பொறி, நேர்முகத்தில் காதுக்குள் பதில் ஓதியதும் பொறி. எல்லாப் பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு. யாரை எடுப்பது, யாரைத் தள்ளுவது? நிறுவனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தன: பெற்றோர் ஆதரவு உள்ள பிள்ளைதான் வேலையில் நிலைக்கும். சரி, ஆதரவை எப்படி அளப்பது? கடிதம் கேட்டார்கள், பொறி எழுதிக் கொடுத்தது. காணொளி கேட்டார்கள், பொறி அழுதே காட்டியது. பெற்றவருக்குப் பதிலாகப் பொறியால் வாங்க முடியாதது அடி ஒன்றுதான் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ, அன்றோடு எல்லாம் மாறிவிட்டது.

இப்போது கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்றால், கல்லூரி மைதானத்தில் கயிறு கட்டி, இரண்டு பிள்ளைகளின் பெற்றோரை வீட்டுக்கு ஒருவராக மோதவிடுவது. ஆதரவுத் தேர்வு என்று மரியாதையாக ஒரு பெயர். யாருடைய முதுகு மண்ணில் படுகிறதோ அவர் பிள்ளைக்கு வேலை இல்லை. கயிற்றுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மஞ்சள் துணி கொடுப்பார்கள். விலகல் துணி. அதை உள்ளே போட்டால் சண்டை அந்தக் கணமே நிற்கும், வேலை எதிராளியின் பிள்ளைக்குப் போகும்.

"பெத்ததுக்கு அடியும் வாங்கோணுமா?" என்று கேட்டுவிட்டு, மகள் எழினி கல்லூரியில் சேர்ந்ததுமே பிரிந்து போனவர் வஞ்சிக்கொடியின் கணவர். அவரை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போகட்டும் கோழை, நான் ஒருத்தி போதும் என்றுதான் பாட்டரி மாற்றும் நிலையத்தில் பகலெல்லாம் பாரம் தூக்கியும் விடியலில் குத்து வாங்கினாள்.

எழினி பத்து வயதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். பவானிக்கு மேலே போகிற மேகங்களைத் திருப்பி, வேண்டிய ஊரில் மழை இறக்கும் முகில் மேய்ப்பர் வேலை. இந்த வருடம் ஒரே ஓர் இடம். இறுதிப் பட்டியலில் இரண்டு பெயர்கள். ஒன்று எழினி. மற்றது ஆதன், செங்கோடனின் மகன். வேறு துறை மாணவன், கடைசி நாளில் விண்ணப்பித்திருந்தான். மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் சத்தம் இல்லை.

தேர்வன்று காலை இட்லித் தட்டை மகளின் முன் வைத்துவிட்டு வஞ்சிக்கொடி சொன்னாள்: "என்ன ஆனாலும் துணியப் போடக்கூடாது கண்ணு. சத்தியம் பண்ணு."

"அம்மா, செங்கோடன் மாமாம்மா அது..."

"களத்துல மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. இந்த வேலை உனக்கு வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் பொறவு. சாப்பிடு."

எழினி பேசாமல் இட்லியைப் பிய்த்தாள். அந்த மௌனத்தையே சத்தியமாக எடுத்துக்கொண்டாள் தாய்.

மணி அடித்ததும் செங்கோடனின் முதல் குத்தில் வஞ்சிக்கொடியின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின் மேல் வந்து கிடந்தது. துப்பினாள். அடேயப்பா, மாடியில் இந்த மனுஷன் இத்தனை நாளும் பாதி பலத்தில்தான் அடித்திருக்கிறார்! ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கயிற்றில் சாய்ந்தாள். இன்னொரு குத்து விழுந்தால் மல்லாந்துவிடுவாள், மகளின் மேகமெல்லாம் கலைந்துவிடும். அப்போதுதான் அவர் இடது கை உயர்ந்தது. இவள் தினமும் கட்டுப் போட்ட இடம் எதிரே திறந்து கிடந்தது.

முழு உடம்பையும் சேர்த்து அங்கே அடித்தாள். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"அம்மிணி..." என்றார் செங்கோடன். வலியைவிட நம்ப முடியாமைதான் அந்தக் குரலில் இருந்தது.

அவள் நிறுத்தவில்லை. அதே இடத்தில் மறுபடியும், மறுபடியும். அவர் மண்டியிட்டார். வாயில் ரத்தம் நுரைத்தது. ஆனாலும் முதுகு மண்ணில் படாமல் அவள் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினார் பாவி மனுஷன். மகனுக்காக அவரும் நான்கு வருடம் வாங்கியவர் ஆயிற்றே! முழங்காலால் அவர் தாடையில் இடித்தாள். பிடி விடவில்லை. பிடரியில் முழங்கையை இறக்கினாள். "விடுங்கண்ணா! விட்டுத் தொலைங்க!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். வெளியே ஆதன் கண்களை இறுக மூடிக்கொண்டு துணியைக் கசக்கிப் பிடித்திருந்தான். அவனிடமும் காலையில் ஒருவர் சத்தியம் வாங்கியிருப்பார்.

இரண்டு கைகளையும் கோத்துப் பிடரிக்கு நேரே ஓங்கினாள். மஞ்சள் துணி காலடியில் வந்து விழுந்தது.

மணி அடித்தது. ஜெயித்துவிட்டோம்! ஆதன் போட்டுவிட்டான்! வஞ்சிக்கொடி கோத்த கைகளைப் பிரித்தாள். உடைந்த மூக்கோடு சிரித்தபடி அறிவிப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். 'எழினி விலகினார். பணி: ஆதன்.'

மகள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். அவள் கை வெறுமையாக இருந்தது.

"ஏண்டி? ஏண்டி போட்ட?"

"மாமா செத்திருப்பாரும்மா. இன்னொரு அடி, அவ்வளவுதான். ஒருத்தரக் கொன்னு வாங்குன வேலைல நான் எப்படிம்மா ஒக்காருவேன்?"

"உனக்காகத்தானடி! எல்லாம் உனக்காகத்தானடி!"

சொல்லி முடிப்பதற்குள் கை போய்விட்டது. பெற்றவள் ஆத்திரத்தில் வைக்கும் அறையாக இருந்தால் கன்னம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். விழுந்ததோ நான்கு வருடம் பழகிய குத்து. எழினி மல்லாந்து விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கழுத்துவரை ஓடியது. அந்தப் பக்கம் செங்கோடனைத் தூக்குப்படுக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பணி ஆணையை நீட்டிய அதிகாரியைத் திரும்பியும் பார்க்காமல் ஆதன் அப்பாவின் பின்னால் ஓடினான்.

வஞ்சிக்கொடிக்குச் சட்டென்று தெளிந்தது. ஐயோ, என் பிள்ளை! பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் மேல் கை வைத்ததில்லையே! மண்டியிட்டாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி, அந்த ரத்தத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

எழினி இரண்டு முழங்கைகளையும் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.