ஆளுக்கு ஒரு காது

"காதை விடுங்க அண்ணி, வலிக்குது!"

"முதல்ல நீ ஒயரை விடுடி!"

மட்டேரோ குடியிருப்பின் அந்த வரிசை வீடுகளில் சுவர் என்பது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். முதிண்டாவும் அவள் நாத்தனார் சிலேஷேயும் ஓர் இயர்போனுக்காகக் கட்டிப் புரண்டதை, வாசலில் கபெண்டா மீன் காயவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டே கேட்டார்கள்.

"பக்கத்துல சாராயக்கடைப் பாட்டு. போன்ல இந்த ரீங்காரத்தைக் கேக்காம நான் எப்படிப் படிக்கிறது?"

"போன் என்னுது. நாள் முழுக்க ஊரார் தலைக்குப் பின்னல் போட்டு விரல் வீங்கிக் கிடக்கேன். இதைக் கேட்டாத்தான் தூக்கமே வருது. உங்க மண்டைல ஒண்ணும் ஏறலைன்னா நானா பொறுப்பு?"

முதிண்டாவுக்குச் சுருக்கென்றது. நர்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றாயிற்று. இதுவும் போனால் கல்லூரி மறுபடி எழுதவிடாது. மாமியாரோடு சோளக்காட்டில் குனிய வேண்டியதுதான். லாரி ஓட்டும் கணவன் கபெம்ப்வா அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான்.

கடைசியில் ஆளுக்கு ஒரு காது என்று பங்கு பிரித்தார்கள்.

மன அமைதிக்கும் படிப்புக்கும் என்று போனில் கிடைக்கும் ரீங்காரம் அது, பாட்டுமில்லை, பேச்சுமில்லை. கட்டிலில் தோளோடு தோள் சாய்ந்திருக்க, பக்கத்துத் தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாடை வர, தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ள, அந்த ரீங்காரத்துக்குள்ளிருந்து கொதிக்கும் பானை மூடி மெல்ல எழும்பி அமர்வதுபோல ஒரு துடிப்பு, ம்ம்... ம்ம்... என்று முதிண்டாவின் நெற்றிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. சாராயக்கடை காணாமல் போயிற்று. எலும்புகளின் பெயர்கள் வரிசையில் வந்து நின்றன.

சிலேஷே வாய் பிளந்து தூங்கினாள்.

சில நாள் கழித்து, என்ஷிமாச் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த சிலேஷே அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணி, இதுக்குப் பேரு என்ன?"

"விளையாடாதடி."

அவள் விளையாடவில்லை. அன்று மாலையே முதிண்டாவுக்கு, தான் ஏறியே இராத மாமரம் ஒன்றிலிருந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. முழங்கையில் வலி. கீழே ஓடிவந்து தூக்கியவன் சிறுவன் கபெம்ப்வா.

சந்தையில் போன் பழுது பார்க்கும் மவுட்டோ, சிலேஷேயைக் கட்டிக்கொள்ளப்போகிறவன். அவனிடம் அந்த ரீங்காரத்தைப் பற்றி முதிண்டா பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒரு காதுல கேட்டா ஒண்ணுமே இல்ல அண்ணி, வெறும் ஈ சத்தம். ரெண்டு காதுக்கும் ரெண்டு சுதி. துடிப்பு போன்ல கிடையாது, ரெண்டும் சேர்ற மண்டைக்குள்ளதான் உண்டாகுது."

"ரெண்டு பேர் பங்கு போட்டா?"

"துடிப்பே வராது." சிரித்தான். "வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே மண்டைன்னு அர்த்தம். உங்க வீட்டுல ரெண்டு சேர்ந்தாலும் ஒண்ணு தேறாதே!"

முதிண்டாவும் சிரித்தாள். தனக்குத் துடிப்பு வந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

கட்டிலில் சிலேஷே காதைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு வேணாம் அண்ணி. பின்னல் எப்படிப் போடறதுன்னு மறந்துட்டேன். பயமா இருக்கு."

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம். மருந்துப் பாடம் முழுக்க மிச்சம்.

"அசதிடி அது. கேட்டாச் சரியாயிடும்," என்று அவள் காதில் தானே சொருகிவிட்டாள் முதிண்டா. இயர்போன் நழுவாமலிருக்கத் துணியால் கட்டியும் விட்டாள்.

கல்லூரியிலேயே முதலாக வந்தாள். செய்தி வந்த அன்று இயர்போனைக் கழற்றி அடுப்பில் போட்டாள். ஒயர் சுருண்டது. கருகிய நாற்றம்.

துடிப்பு நிற்கவில்லை.

ம்ம்... ம்ம்...

திரும்பினாள். மூலையில் சிலேஷே. காதில் ஒன்றுமில்லை. தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதே தாளம். முதிண்டா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் ஆடியது.

மவுட்டோ வந்து பார்த்தான், மறுபடி வரவில்லை. மழைக்கு முன்பே கப்வேயிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணச் சாப்பாட்டில் கோழி போதவில்லை என்று இன்றைக்கும் பேச்சு.

முதிண்டாவுக்கு லிவிங்ஸ்டன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த அன்று வேடிக்கை பார்க்க எல்லாரும் கூடியிருந்தார்கள். மெத்தைகளுக்கு நடுவே லாரியின் பின்புறம் சிலேஷேயை ஏற்றி உட்காரவைத்தார்கள், எச்சில் வழிய. முதிண்டா லாரியின் முன்பக்கப் படியில் கால் வைத்தபடி நின்றாள். நிறையப் பெயர்கள் தெரிந்தன அவளுக்கு. எலும்புகள், மருந்துகள், பின்னல்கள்.

கபெம்ப்வா இன்ஜினைக் கிளப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். தங்கையின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தாளவில்லை போலும். குரல் மட்டும் கொடுத்தான்.

"சிலேஷே, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டியா?"

சிலேஷேயின் வாய் அசையவில்லை. முதிண்டா வாயைப் பொத்தப் போனாள். கை எழவில்லை. தானாகவே உதடு பிரிந்தது.

"பிடிச்சுக்கிட்டேண்ணே," என்றாள் தன் கணவனைப் பார்த்து.