பில் போன வாசல்

ஞானஜோதி நர்ஸ் உடுப்போடு நேராக நல்லசிவத்தின் அலுவலகத்துக்கு வந்தாள்.

"என் வீட்டுக்காரர உள்ள வச்சிருக்காக சார். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில பதினாலு பேர ஏத்துனது அவருதான்னு முதலாளி எழுதிக் குடுத்துட்டாரு. லோடு ஏத்தணும்னு மேனேஜர் கூப்பிட்டு இவரு ஆபீசுக்குப் போயிருந்தப்பதான் வெடிச்சுது."

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலை அது. வெடிமருந்து நிரப்பும் அந்த அறையிலிருந்து ஒருவரும் உயிரோடு வரவில்லை. நாலு பேருக்கு மேல் கூடாது என்று தினமும் தொண்டை கிழியக் கத்திய போர்மேன் தேவாசீர்வாதம் சிறையில் இருக்க, முதலாளி ராஜபாண்டியன் வீடு வீடாக அனுதாபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவர், இப்போது தனியாகத் துப்பறிபவர். குரல் உயர்த்தத் தெரியாதவர். அவருடைய கூட்டாளி அனுப்பிரியா கம்ப்யூட்டர் படித்தவள், வாய் சும்மா இருக்காதவள்.

"கேமரா இல்லையாக்கா?" என்றாள் அவள்.

"அறை வாசலுக்கு எதிர ஒண்ணு இருந்துச்சு. பதிவாகுற பெட்டி எரிஞ்சு போச்சு. இன்டர்நெட் வழியா வெளியில சேமிக்கிற கிளவுடுக்கும் போகலையாம்."

அன்று மாலையே இருவரும் விருதுநகரில் முதலாளியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் பார்க்கும் ஹரிஷ்குமார், காலியாக இருந்த ஒரு ஃபோல்டரைத் திரையில் காட்டினான்.

"ஆலையில இன்டர்நெட்டுக்குக் காவலா புதுசா ஃபயர்வால் போட்டோம் சார். ஃபைல் அனுப்புற போர்ட் இருபத்திரண்டு அடைபட்டுப் போச்சு. போன மாசத்துல இருந்தே எதுவும் ஏறல."

படம் போய்ச் சேர வேண்டிய சர்வரின் முகவரி திரையில் தெரிந்தது; அதை அனுப்பிரியா மனதில் வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு லாரிக்குப் பில் போட்டது யாரு?" என்றார் நல்லசிவம்.

"நாந்தான், ஆலையில இருந்து. ஆன்லைன்ல பில் போடாம லாரி கேட்டைத் தாண்டாதே."

ராஜபாண்டியன் இடைமறித்தார். "நான் இங்கன கல்யாணத்துல இருந்தேன், ஊரே பார்த்துச்சு. அங்க நடந்தத என்னத்தச் சொல்ல? செத்துப்போனாளே அந்தக் குருவம்மா, சேலைக்கு மேல சட்டை கூடப் போடாம, கையில தூக்குவாளியோட உள்ள நுழையுறா. போர்மேன் ஒழுங்கா இருந்தா விட்டிருப்பானா?"

நல்லசிவம் வணக்கம் சொல்லி எழுந்துவிட்டார். வழியில் ஆலைக்குப் போய் பட்டாசைப் பெட்டியில் அடைக்கும் பேக்கிங் ஷெட்டுப் பெண்களிடம் சற்று நேரம் பேசினார்.

மறுநாள் முதலாளியின் அதே அலுவலகத்தில் ஞானஜோதியும் இன்ஸ்பெக்டரும் கூட இருந்தார்கள். அனுப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை.

"போர்ட்ங்கிறது வாசல் மாதிரி. இருபத்திரண்டை அடைச்சது நிசந்தான். ஆனா நானூத்தி நாப்பத்திமூணுங்கிற வாசல் திறந்திருந்துச்சு. அது வழியாத்தான் இன்டர்நெட்ல பில்லே போகும். அத அடைச்சா லாரி நகராது. அதனால சர்வரையும் அந்த வாசல்லயே ஃபைல் வாங்குற மாதிரி மாத்தியிருக்காரு இந்த ஹரிஷ்குமார். ராத்திரி வெளியில இருந்து அந்த வாசலத் தட்டிப் பார்த்தேன். வெப்சைட் பேச வேண்டிய இடத்துல ஃபைல் வாங்குற புரோகிராம் பதில் சொல்லுது!"

ஹரிஷ்குமார் தலையைத் தொங்கப் போட்டான்.

"வழி இருந்தா படம் வந்துருச்சுன்னு அர்த்தமா?" என்று சீறினார் ராஜபாண்டியன்.

"வந்துச்சுன்னு சொன்னதே நீங்கதான்" என்றார் நல்லசிவம். "மருந்து அறைப் பெண்கள்தான் சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போடுவாக. குருவம்மா பேக்கிங் ஷெட்டுல வேலை பார்த்தவ. அங்க யாரும் சட்டை போடுறதில்ல. சாப்பிட உட்காரப் போனவள உங்க மச்சினன் மேனேஜர் சங்கரலிங்கம் வந்து கூட்டிட்டுப் போனாருன்னு கூட இருந்தவுக சொல்றாக. அதுக்குப் பிறகு அவ அறைக்குள்ள நுழைஞ்சதப் பார்த்தவுகள்ல யாரும் உசுரோட இல்ல. கேமரா மட்டும்தான் பார்த்துச்சு. கல்யாண வீட்டுல இருந்த உங்களுக்குத் தூக்குவாளி எப்படித் தெரிஞ்சுது?"

இன்ஸ்பெக்டர் ஹரிஷ்குமாரைப் பார்த்தார். அவன் வேறொரு ஃபோல்டரைத் திறந்தான். "முதலாளி அழிக்கச் சொன்னாரு சார். எனக்கு மனசு வரல."

படம் ஓடியது. தேவாசீர்வாதம் கூட்டத்தை வெளியே அனுப்பி, நாலு பேரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு அலுவலகம் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் சங்கரலிங்கம் பெண்களை ஆடு மாடு போல உள்ளே தள்ளினார். கடைசியாகக் கையில் தூக்குவாளியோடு போனவள் குருவம்மா. பதினாலு உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வெளியே வெள்ளை வேட்டியில் திரிந்திருக்கிறார்கள்!

"சீசன் நேரம், ஆர்டர் நெருக்குச்சு..." என்று முனகினார் ராஜபாண்டியன்.

ஞானஜோதி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஜெயில் வாசல்ல என் தலையத் தொட்டு, 'உன் புருசனுக்காக ஜெபம் பண்ணும்மா'ன்னு சொன்னீகளே. இதப் பார்த்துட்டுத்தான சொன்னீக?"