மேடைக்கு அடியில் அப்பா!

"மேடம்... ஓடி வாங்க!"

கொத்தனாரின் அலறலில் தியேட்டரே அதிர்ந்தது.

இன்ஜினியர் ஓடினாள். சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டி, சுரங்கம் மூடியதும் பாழாய்ப் போன தியேட்டர். புதுப்பிக்கும் வேலையைக் கேட்டு வாங்கியவள் அவள்.

பெயர்த்த மேடைப் பலகைகளுக்கு அடியில்...

எலும்புக்கூடு!

மண்டையோட்டின் பின்புறம் நொறுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தனி எண் போட்டுக் கொடுப்பது.

துடைத்தாள்.

212.

மறுபடி துடைத்துப் பார்த்தாள். அதே எண்.

"தெரிஞ்ச நம்பரா மேடம்?"

"எங்கப்பா..."

ஸ்ட்ரைக் அறிவிக்க இந்த மேடைக்கு வரவேண்டிய யூனியன் தலைவர். வரவில்லை. எவளோடோ ஓடிவிட்டதாக ஊர் பேசியது. ஸ்ட்ரைக் பிசுபிசுத்தது. 'ஓடிப்போனவன் பொண்ணு' என்ற பட்டத்தோடு வளர்ந்தவள் அவள்.

போலீசைக் கூப்பிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே சுரங்கத்தின் பழைய மேனேஜர். இன்று தியேட்டர் கமிட்டித் தலைவர்!

"எல்லாரும் சாப்பிடப் போங்கய்யா!" வேலையாட்களை விரட்டினார் இன்ஸ்பெக்டர். "பழைய எலும்பு மேடம். கேஸ் நிக்காது. மூடிடுங்க."

"மண்டை உடைஞ்சிருக்கு சார்! இது கொலை!"

மேனேஜர் நெருங்கி வந்து கிசுகிசுத்தார்.

"கொலைதாம்மா. ஸ்ட்ரைக்க விடுன்னு கெஞ்சிப் பார்த்தேன். உங்கப்பன் மசியல. கடப்பாரையால ஒரே போடு..."

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்... கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே!"

"கத்தும்மா. யாரு நம்புவா?" வில்லையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டார் மேனேஜர். "உன் கையாலயே மூடு. இல்லன்னா... அடியில இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கு."

மண்வெட்டியை அவள் கையில் திணித்தார்.

அழுகை வரவில்லை. சிமெண்ட் கலவையை அள்ளினாள். அப்பாவின் முகம் இருந்த இடத்துக்கு மேலே கை நின்றது...

"போடாத தாயி!"

இருட்டு பால்கனியிலிருந்து கொத்தனாரின் குரல்!

விளக்குகள் எரிந்தன. கடைசி வரிசையில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வேலையாட்கள். கையில் செல்போன்கள். பதிவாகிக்கொண்டே இருந்தது!

இன்ஸ்பெக்டர் சட்டென்று மேனேஜரின் தோளைப் பிடித்தார். "சார்... கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வரீங்களா?"

"அடப்பாவி!" மேனேஜர் வெளிறினார். "குசுகுசுன்னுதானே பேசினேன்... அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்டுச்சு?"

மண்வெட்டியைக் கீழே போட்டாள் இன்ஜினியர். இப்போதுதான் அழுகை வந்தது.

"மைக் இல்லாத காலத்துத் தியேட்டர் சார். கூரை வளைவைப் பழையபடி சரி பண்ணியாச்சு. மேடையில முணுமுணுத்தாலும் பால்கனிக்குக் கேக்கும்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலை திருப்திதானே சார்?"