திறக்காத சூப் மூடி

என் தம்பி இப்போது பக்கத்தில் இருந்தால், இந்தக் கதையை நடுநடுவே நிறுத்தி, "அப்படியெல்லாம் நடக்கவே இல்ல" என்று சண்டைக்கு வருவான். இப்போது நான் மட்டும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் நடந்தது அப்படித்தான்.

அப்போது அவனுக்கு ஐந்து வயது, அவன் அக்காவான எனக்குப் பத்து. பிறந்தபோது துணியில் சுற்றிய பொட்டலம் மாதிரி இருந்தானாம். அதனால் வீட்டில் அவன் பெயரே பொட்டலம்.

அப்பா பஸ் ஓட்டுநர். அவருடைய பணிமனைக்கு எதிரே சின்னதாக ஒரு ஜப்பானிய உணவகம் இருந்தது. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாட்டை வைத்திருப்பார்கள்.

"அந்த மூடி போட்ட கிண்ணம் வேணும்" என்று பொட்டலம் ஒரு மாதமாக எங்கள் உயிரை எடுத்தான். கடைசியில் ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளையில் அப்பா எங்களை அழைத்துப் போனார்.

"ஒன்றரைக்கு நான் பஸ்ஸை எடுக்கணும். இப்போ சாப்பிடலைன்னா ராத்திரி வரைக்கும் பட்டினிதான். படுத்தாம சாப்பிடணும், சரியா?"

"சரி" என்றான் பொட்டலம். அவன் சொல்லும் சரியை நான் நம்புவதில்லை.

மூன்று தட்டுகள் வந்தன. சோறு, வறுத்த மீன், முட்டைச் சுருள், துளி ஊறுகாய், கறுப்புக் கிண்ணத்தில் மூடி போட்ட சூப். சோற்றிலும் மீனிலும் ஆவி பறந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குட்டி முதல் வாய் சாப்பிடும்வரை வேறு யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. பொட்டலமோ முதல் வாய் சூப்தான் என்று முடிவு செய்துவிட்டான்.

மூடியைத் தூக்கினான். சூட்டில் மூடி இறுகிப் பிடித்திருந்ததால் கிண்ணமும் சேர்ந்து எழும்பியது.

"குடுடா, நான் திறக்கறேன்" என்றேன்.

"வேணாம்! நானே!"

பரிமாறும் பெண் ஓடி வந்தார். "தம்பி, நான் திறந்து தரட்டுமா?"

அவன் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில், கடை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, நீங்க சாப்பிடுங்கப்பா" என்றேன்.

"சாப்பிடக் கூடாது! நான்தான் மொதல்ல!"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து. "ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு ஊரையே சுத்திடலாம். இவனை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியல" என்று தலையில் கை வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். அப்போதுதான் பக்கத்து மேசைக்காரர் தன் சூப்பைத் திறப்பதைப் பார்த்தேன். கிண்ணத்தின் இரு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினார். மூடி சட்டென்று விட்டுக்கொடுத்தது.

அட, இவ்வளவுதானா! ஆனால் பொட்டலத்தின் கிண்ணத்தை நான் தொட்டால் கூரையே பறந்துவிடும்.

"டேய், என் மூடியும் வர மாட்டேங்குது" என்றேன். "எனக்குப் பலம் பத்தல. கொஞ்சம் திறந்து குடேன்."

அவன் அழுகையைப் பாதியில் நிறுத்தினான். "இரு, பாக்கறேன்."

"நான் கிண்ணத்தைப் பிடிச்சுக்கறேன். நீ மூடியைத் தூக்கு."

அழுத்தினேன். தூக்கினான். வந்துவிட்டது!

"உன் கிண்ணத்தையும் பிடிச்சுக்கட்டுமா?"

"பிடி. ஆனா நான்தான் திறப்பேன்."

"நீதான்டா, சாமி."

அதுவும் திறந்தது. பொட்டலம் ஒரு வாய் குடித்தான். அடுத்த நொடியே அப்பா சோற்றின் மேல் பாய்ந்தார்.

"நல்லாவே இல்ல" என்று பொட்டலம் சூப்பைத் தள்ளி வைத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு மூடியை எடுத்து மறுபடியும் மூடினான். "அக்கா, பிடி. இன்னொரு தடவை."

அப்பாவின் தட்டில் மீன் முள் மட்டும் மிஞ்சியபோது, ஒரு வாய்கூட சாப்பிடாத நான், அவனோடு பதினோராவது தடவையாக அந்தச் சூப்பைத் திறந்துகொண்டிருந்தேன்.